ஓலைநாயகம் திருத்திய உரை

எந்த நாடு என்று கேட்காதீர்கள், எனக்குச் சொன்னவர்களுக்கும் அது தெரியாது. எந்தக் காலம் என்று கேட்டால் முன்னொரு காலம் என்றுதான் சொல்வேன். அதற்கு மேல் துருவினால் கதை கெட்டுப்போகும். அந்த நாட்டை மாறவேள் என்றொரு அரசர் ஆண்டு வந்தார். கெட்டவர் இல்லை. கொஞ்சம் சோம்பேறி. அரசராகப் பிறந்தவருக்கு அது பெரிய குற்றமா என்ன, நாமெல்லாம் அரசராகாமலேயே சோம்பேறிகளாக இருக்கவில்லையா?

அந்த நாட்டில் வெள்ளிக்கிழமை தோறும் குடிமக்கள் நேரே அரசர் முன் வந்து நின்று தங்கள் குறையைச் சொல்லலாம். பாட்டனார் காலத்திலிருந்து வந்த வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை ஒருவன் தன் பக்கத்து வீட்டுக்காரனின் சேவலைப் பற்றிப் புகார் சொல்ல வந்தான். தன் தாத்தாவின் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தான். உச்சிப்பொழுது தாண்டியும் சேவல் கதைக்குள் வந்தபாடில்லை. அரசருக்குப் பசி கண்ணை அடைத்தது.

"போதும்! இனி எவரும் என் முன்னால் வந்து பேச வேண்டாம். குறை உள்ளவர்கள் ஓலையில் எழுதித் தரட்டும். நான் படித்துக்கொள்கிறேன்" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, "அருமையான யோசனை, அரசே!" என்று எழுந்து நின்றார் ஒருவர். அவர்தான் மருதராயர். அரண்மனைக்கு வருகிற ஓலையும் அரண்மனையிலிருந்து போகிற ஓலையும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் அவருக்கு ஓலைநாயகம் என்று பதவிப் பெயர். "ஓலைகளை அடியேனே வாங்கி, பிழை நீக்கி, தங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன். எழுதத் தெரியாதவர்களுக்கு வாசலில் ஓர் எழுத்தரையும் அமர்த்துகிறேன்."

மருதராயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருஷம் பிறர் எழுதியதைத் திருத்தித் திருத்தி அவருக்கு அது ஒரு நோயாகவே ஆகிவிட்டது. எந்த ஓலையைப் பார்த்தாலும் எழுத்தாணியை எடுத்துவிடுவார். தப்பான வரியின் மேல் நீளமாக ஒரு கோடு கீறுவார். ஓலையில் எழுதியதை அழிக்க முடியாது, கோடு கீறத்தான் முடியும். கீறிவிட்டுப் பக்கத்தில், அது ஏன் தப்பு என்று தன் எழுத்தர்களுக்குப் பாடமாக ஒரு குறிப்பும் எழுதுவார். எழுத்தர்கள் அதைப் பார்த்து, கோடு கீறியதையும் குறிப்பையும் விட்டுவிட்டு நல்ல படி எடுப்பார்கள். ஒரு முறை அவருடைய சொந்த மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய மண ஓலையில்கூட, "மணமகனின் வயது இரண்டு குறைத்துக் காட்டப்பட்டுள்ளது" என்று குறிப்பு எழுதிவிட்டார். கல்யாணம் நிற்காமல் போனது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம்.

புது முறை வந்து ஒரு மாதம் ஆயிற்று. வெள்ளிக்கிழமைகளில் அரசர் நேரத்துக்குச் சாப்பிட்டார். ஓர் ஓலைகூட அவர் கைக்கு வரவில்லை. "நாட்டில் குறையே இல்லை போலிருக்கிறதே!" என்று சந்தோஷப்பட்டார்.

அந்த அவையில் விகடம் பேசுகிறவன் அம்பலக்கூத்தன். அரசர் சிரித்தால் அவனுக்குச் சோறு, அவ்வளவுதான் உத்தியோகம். அவன் நாள்தோறும் அரண்மனை வாசல் வழியாகத்தான் வருவான் போவான். அங்கே ஒரு பெண்பிள்ளை இரண்டு நாளாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாளும் உட்கார்ந்திருந்ததைக் கண்டு பக்கத்தில் போய்க் குந்தினான்.

"யாரும்மா நீ? எந்த ஊரு?"

"களரியூருங்க. வெயிலுகந்தாள்னு பேரு."

"என்ன குறை?"

"மதகை அடைச்சிட்டாங்க சாமி. நாத்து விட்டு இருபது நாளு ஆவுது. தண்ணி இல்லாம நிக்குது. அடைச்சது இந்த ஓலை ஐயாவோட மச்சினன். அவரு வெத்தலைக் கொடிக்காலுக்குத் தண்ணி போவணுமாம். வாசல்ல எழுதிக் கொடுத்தேன். பாக்குறோம்னாங்க. மறுநா கேட்டேன், பாக்குறோம்னாங்க. இன்னிக்கும் அதேதான்."

"ராஜா பாத்தாரா?"

"அது யாருக்குத் தெரியும்? உள்ள போன ஓலைக்கு வாயா இருக்கு?"

"நாத்து இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

அவள் விரலை மடக்கினாள். "எந்தங்கச்சி கெணத்துலேந்து குடம் குடமா ஊத்துறா. பத்து நாளு. அதுக்கு மேல கருகிடும். இந்த போகம் போச்சுன்னா ஊரே வெளியூருக்குக் கூலிக்குப் போவ வேண்டியதுதான்."

கூத்தனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. விகடம் பேசுகிறவனுக்கு எல்லாம் விளையாட்டு என்று ஊரார் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவை கூடியதும் கூத்தன் எழுந்து நின்றான். மச்சினன் பேச்சை அவன் எடுக்கவில்லை. கையில் சாட்சி இல்லாமல் அதைச் சொன்னால், பொறாமையால் சொல்கிறான் என்று ஒரே வார்த்தையில் தட்டிவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

"அரசே, குடிமக்கள் நேரில் பேசும் பழைய வழக்கமே நல்லது என்பது அடியேன் எண்ணம்" என்றான்.

அரசருக்குக் கோபம் வரவில்லை, வேடிக்கையாக இருந்தது. "அப்படியா? அடுத்த வெள்ளிக்கிழமை இதே அவையில் அதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்து. மருதராயர் புது முறைக்காகப் பேசட்டும், நீ பழைய முறைக்காகப் பேசு. என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுவே சட்டம்."

மருதராயருக்கு உள்ளூரக் கலக்கம். கூத்தன் வாயைத் திறந்தால் அரசர் சிரிப்பார். சிரித்தால் சாய்வார். அதற்கு அவர் உடனே ஒரு வழி கண்டார்.

"அரசே, ஒரு விண்ணப்பம். இப்போது நடப்பில் இருப்பது புது முறை. அது மாறும்வரை கூத்தனும் அதற்குக் கட்டுப்பட்டவனே. ஆகவே அவன் தன் உரையை ஓலையில் எழுதி என்னிடம் தர வேண்டும். தகாதவற்றை நான் கோடு கீறி நீக்குவேன். என் முத்திரையிட்ட ஓலையை மட்டுமே அவன் வாசிக்க வேண்டும்."

"சரிதானே" என்றார் அரசர்.

"இன்னும் ஒன்று. படி எடுத்தது செல்லாது. படி எடுக்கும் சாக்கில் இந்த விகடன் எதையாவது உள்ளே நுழைத்துவிடுவான். என் கைபட்ட அதே ஓலைதான் வேண்டும். நான் நீக்கிய வரியை அவன் வாசிக்கக் கூடாது. நீக்காமல் விட்டதில் ஓர் எழுத்தும் குறையக் கூடாது, ஓர் எழுத்தும் கூடக் கூடாது. மீறினால் தோற்றதாகவே கொள்ள வேண்டும். தோற்றால், இனி அவன் அவையில் வாய் திறக்காமல், தன் விகடங்களையும் ஓலையில் எழுதி என்னிடம் தரட்டும். நான் திருத்தித் தங்களுக்கு அனுப்புகிறேன்."

அவையில் எல்லோரும் சிரித்தார்கள். மருதராயர் திருத்திய விகடத்துக்கு யார் சிரிப்பார்கள் என்று நினைத்துச் சிரித்தார்களோ என்னவோ. அரசர் கூத்தனைப் பார்த்தார்.

"சம்மதம், அரசே" என்றான் கூத்தன். "அடியேனுக்கு ஓலை கொஞ்சம் அகலமாகக் கிடைத்தால் போதும்."

அதற்கப்புறம் ஐந்து நாள் கூத்தன் எழுதினான். முதல் இரண்டு நாள் எழுதிய உரை மிக நன்றாக வந்தது. கல்லும் கரையும் என்பார்களே, அப்படி. அதை வாசித்துப் பார்த்துவிட்டு அவனே அடுப்பில் போட்டான். இத்தனை நன்றாக இருந்தால் மருதராயர் ஒரு வரியையும் மிச்சம் வைக்க மாட்டார் என்று அவனுக்குத் தோன்றியது. உட்கார்ந்து யோசித்தான். புதன்கிழமை காலையில் வேறொன்று எழுதினான். வரிக்கும் வரிக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம் விட்டு எழுதினான். எழுதி முடித்ததும் ஓலைகளை எடுத்துக்கொண்டு வாசல் தூணருகே போனான். மதகைப் பற்றி எழுதியவன் அந்த ஊர்க்காரியிடம் ஒரு தரம் வாசித்துக் காட்டுவதுதானே முறை?

"கேளு தாயி. களரியூர் மதகு ஆறு நாளாக அடைபட்டுக் கிடக்கிறது."

"ஆறு இல்லீங்க, இன்னியோட ஒம்பது நாளு."

"சரி. மதகுப் பலகையை இறக்கியவர்கள் அவ்வூர்ச் சிறுவர்கள். விளையாட்டாகச் செய்தது."

வெயிலுகந்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னங்க சொல்றீங்க? எங்கூருப் புள்ளைங்களா?"

"அந்தத் தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் ஓடையில் போகிறது. களரியூரார் சோம்பேறிகள், இதைப் பற்றி ஓர் ஓலையும் எழுதித் தரவில்லை. புது முறை வந்தபின் அரசர் பார்த்த ஓலைகள் நூறு. இவை எதையும் ஓலைநாயகம் அறியார்."

அவள் எழுந்தே விட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "ஐயா, ஒங்களை நம்பித்தானே ஒரு வாரமா இங்கயே கெடக்கேன். ஒரு வரி, ஒரே ஒரு வரியாவது நெசம் இருக்கா இதுல? அந்த ஓலை ஐயா ஒங்களுக்கு என்ன குடுத்தாரு?"

கூத்தனுக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் மருதராயரின் எழுத்தர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் ஊருக்குப் போவாத தாயி" என்று மட்டும் சொன்னான்.

"போயி என்ன பண்ணப் போறேன்? பாதி நாத்து பழுத்துப் போச்சுன்னு நேத்துச் சேதி வந்துது" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் போகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

கூத்தன் தன் ஓலைக்கட்டை உடனே கொடுக்கவில்லை. வியாழக்கிழமை மருதராயரின் ஆள் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டுப் போனான். "இதோ முடியப் போகிறது" என்று திருப்பி அனுப்பினான். வெள்ளிக்கிழமை காலையில், மருதராயர் சபைக்குப் போகப் பட்டு உடுத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கொண்டுபோய் நீட்டினான்.

"இவ்வளவு தாமதமா?" என்று எரிந்து விழுந்தார் மருதராயர்.

"பிழை இல்லாமல் எழுத வேண்டும் என்று பார்த்தேன், ஐயா. இப்போது ஒரு பிழைகூட இருக்காது. தாங்கள் பார்க்காவிட்டாலும் பாதகமில்லை."

பிழை இல்லை என்று மருதராயரிடம் சொல்வதும் பசித்தவன் முன்னால் இலையைப் போடுவதும் ஒன்றுதான். அவர் எழுத்தாணியை எடுத்தார். முதல் வரியைப் பார்த்தார், பக்கத்தில் இரண்டு சொல் எழுதிவிட்டு அதை அப்படியே விட்டார். இரண்டாம் வரியைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது. சர்ரென்று கோடு கீறினார், பக்கத்தில் விறுவிறுவென்று எழுதினார். வேறு யாராக இருந்தாலும், இந்தத் தப்பெல்லாம் நமக்குச் சாதகமாக அல்லவா இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். மருதராயருக்கு அப்படி விட முடியவில்லை. தப்பைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. கடைசி வரிக்கு வந்தபோது மூக்கு விடைத்தது, எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் போலிருந்தது. வணக்கத்தையும் முடிவையும் தவிர மிச்சம் எல்லாவற்றையும் அடித்துத் தள்ளிவிட்டு, தனக்குள்ளே சிரித்துக்கொண்டார். வணக்கம் சொல்லி உட்கார வேண்டியதுதான் இவன் உரை என்று நினைத்தார்.

"ஐயா, வழக்கம்போல நல்ல படி எடுக்கட்டுமா?" என்று கேட்டார் எழுத்தர்.

"படி செல்லாது என்று அரசரிடம் ஆணை வாங்கியிருப்பது மறந்துவிட்டதா? அரக்கு வை. முத்திரையைக் குத்து."

முத்திரை குத்தியாயிற்று.

அவை கூடியது. அன்று மட்டும் குடிமக்களும் உள்ளே வந்து கேட்கலாம் என்று அரசர் சொல்லியிருந்ததால் தூண்களுக்குப் பின்னால் நல்ல கூட்டம். வெயிலுகந்தாளும் நின்றாள், கூத்தன் பக்கம் பார்க்காமல் நின்றாள். மருதராயர் முதலில் பேசினார். வாய்ச்சொல் காற்றோடு போகும், ஓலை நிலைத்து நிற்கும் என்றார். எழுதும்போது மனிதன் பொய் சொல்ல அஞ்சுவான் என்றார். புது முறையால் நாட்டில் குறையே இல்லாமல் போயிற்று என்றார். அரசர் தலையாட்டினார். நியாயமாகத்தானே இருந்தது?

பிறகு கூத்தன் எழுந்தான். முத்திரையை அரசருக்குக் காட்டி உடைத்தான். ஓலையைப் பிரித்தான்.

"அரசே, ஓலைநாயகம் கோடு கீறிய வரியை நான் வாசிக்கக் கூடாது, கீறாமல் விட்டதில் ஓர் எழுத்தையும் விடக் கூடாது. அதுதானே ஆணை?"

"அதுதான் ஆணை. தொடங்கு."

கூத்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கணீரென்று வாசித்தான்.

"பேரவைக்கு வணக்கம். இது இருக்கட்டும்."

அவையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரசர், "எது இருக்கட்டும்?" என்றார்.

"எனக்குத் தெரியாது, அரசே. ஓலையில் இருக்கிறது, வாசிக்கிறேன். 'ஆறு நாள் அல்ல. களரியூர் மதகு அடைபட்டு இன்றோடு பதினொரு நாள். எண்ணக்கூடத் தெரியாதவன்.'"

மருதராயர் நிமிர்ந்தார். எங்கேயோ கேட்ட வாசகமாக இருக்கிறதே என்று யோசிப்பவர்போல் இருந்தது அவர் முகம்.

"'சிறுவர்களால் அந்தப் பலகையை அசைக்கவும் முடியாது. என் மைத்துனர் எட்டு ஆள் வைத்து இறக்கினார். அதற்கே அரை நாள் ஆயிற்று.'"

"நிறுத்து!" என்று கத்தினார் மருதராயர். "அரசே, அது உரை இல்லை! அது என் எழுத்தருக்கு நான் எழுதிய குறிப்பு!"

கூத்தன் மிகப் பணிவாகத் திரும்பினான். "ஐயா, இதன் மேல் கோடு இல்லையே? கோடு இல்லாததில் ஓர் எழுத்து குறைந்தாலும் நான் தோற்றவன் என்று தாங்கள்தானே ஆணை வாங்கினீர்கள்? நான் என்ன செய்ய?"

அரசர் ஓலையை வாங்கிப் பார்த்தார். வணக்கத்தையும் முடிவையும் தவிர, கூத்தன் எழுதிய வரிகள் எல்லாவற்றின் மேலும் கோடு. மருதராயர் எழுதிய வரிகளில் ஒன்றின் மேலும் கோடு இல்லை. அரசர் ஓலையைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவன் சொல்வது சரி. வாசி."

"'தண்ணீர் வீணாகப் போகவில்லை. என் மைத்துனரின் கொடிக்காலுக்குப் போகிறது. இந்த ஆண்டு வெற்றிலை நன்றாக வந்திருக்கிறது.'"

அந்த நேரம் பார்த்து அரசர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"'ஓலை தரவில்லை என்பது பிழை. களரியூரிலிருந்து மூன்று ஓலை வந்தன. மூன்றையும் நானே வாங்கினேன்.'" கூத்தன் அடுத்த வரிக்குப் போனான். "'நூறு என்பது பிழை. வந்தவை எண்பத்து மூன்று. அரசர் ஒன்றையும் பார்க்கவில்லை. எல்லாம் என் வீட்டுப் பரணில் பழைய குதிருக்குப் பின்னால் இருக்கின்றன.'"

மருதராயர் உட்கார்ந்துவிட்டார்.

"'ஓலைநாயகம் அறியார் என்று எழுதியிருப்பது என்னை அவமதிப்பதாகும். நான் அறியாமல் இந்த அரண்மனையில் எதுவும் நடக்காது. இத்தகைய பொய்யை இனி எழுதக் கூடாது.' இத்துடன் என் உரை முடிந்தது."

கூத்தன் ஓலையைக் கட்டி அரசர் காலடியில் வைத்துவிட்டு விலகி நின்றான்.

அரசர் சிரிக்கவில்லை. இரண்டு ஆட்களை மருதராயர் வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் ஒரு கூடை ஓலையோடு திரும்பி வந்தார்கள். எண்ணினார்கள். எண்பத்து மூன்று, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மருதராயர் கணக்கில் பிழை வருமா? ஒவ்வோர் ஓலையிலும் சந்திப்பிழைகூட விடாமல் திருத்தப்பட்டிருந்தது.

அரசர் அந்தக் கூடையைப் பார்த்தார். ஒரு மாதமாக நாட்டில் குறையே இல்லை என்று வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கியது நினைவுக்கு வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. கெட்டவர் இல்லை என்று முதலிலேயே சொன்னேனே.

"களரியூரிலிருந்து யாராவது இங்கே இருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெயிலுகந்தாள் வந்தாள்.

"உன் குறையைச் சொல், அம்மா. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல். நான் கேட்கிறேன்." சொல்லிவிட்டு அரசர், தாத்தா கல்யாணம் வரைக்கும் கேட்கத் தயாராகி, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"மதகைத் தொறந்து விடச் சொல்லுங்க சாமி."

அரசர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள்.

"வேறு?"

"வேற ஒண்ணுமில்லீங்க. அவ்வளவுதான்."

"இதற்காகவா பதினொரு நாள்!" என்றார் அரசர். அப்போதே குதிரை வீரன் ஒருவனை அழைத்தார். "களரியூருக்குப் போ. அந்த மைத்துனரும் அவருடைய எட்டு ஆட்களும் சேர்ந்து பலகையைத் தூக்க வேண்டும். தூக்கி முடிக்கும்வரை அவர் வாயில் வெற்றிலை இருக்கக் கூடாது." பிறகு அவையைப் பார்த்தார். "இனி வெள்ளிக்கிழமைதோறும் பழையபடி எல்லோரும் நேரில் வந்து பேசலாம். மருதராயர் ஓலைநாயகம் பதவியிலிருந்து இறங்கி, பேசுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதட்டும். குறிப்பு எழுதக் கூடாது."

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் மருதராயரின் முகம் அதிகம் வாடியது.

குதிரை புறப்பட்ட சத்தம் கேட்டதும் வெயிலுகந்தாள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். அரசரைக் கும்பிட்டாள். பிறகு அப்படியே திரும்பி, ஒடுங்கி உட்கார்ந்திருந்த மருதராயரை இன்னும் பெரிதாகக் கும்பிட்டாள்.

"ஐயா, நீங்க நல்லா இருக்கணும்! ஒங்களைப் போயித் தப்பா நெனச்சிட்டேனே! சொந்த மச்சினன்னுகூடப் பாக்காம, உள்ளது உள்ளபடி எழுதிட்டீங்களே, மவராசனே! நீங்க மட்டும் இல்லாட்டி," கூத்தன் பக்கம் கையை நீட்டினாள், "இந்த மனுசன் எழுதினதையா ராஜா கேட்டிருப்பாரு? என் காதால கேட்டேனே சாமி, எல்லாமே தப்பு! மொத வரிலேந்து கடைசி வரி வரைக்கும் தப்பு! நல்லவேளை இந்த ஐயா ஒக்காந்து ஒண்ணொண்ணா திருத்திக் குடுத்தாரு."

அரசர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். கூத்தனைப் பார்த்தார். மருதராயரைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவை முழுவதும் சிரித்தது. மருதராயருக்குக்கூட உதட்டோரம் துடித்தது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் அரசர் தம் தோளில் இருந்த பொன்னாடையை எடுத்துக் கூத்தன் தோளில் போட்டார். கழுத்திலிருந்த முத்துமாலையையும் கழற்றிப் போட்டார். "கூத்தா, இப்படி ஓர் உரையை நான் கேட்டதில்லை. என் மனம் முழுதாக உன் பக்கம் சாய்ந்துவிட்டது."

"அடியேன் எங்கே பேசினேன், அரசே? வணக்கம் சொன்னேன், முடிந்தது என்றும் சொன்னேன். இந்த அம்மாள் சொல்வதுதான் சரி."

"அவளிடம் நான் விஷயத்தைச் சொல்லட்டுமா? உன்னைப் போய்..."

"வேண்டாம், அரசே. அவளுக்கு ஊருக்குப் போகிற அவசரம்."

உண்மைதான், அவள் அதற்குள் வாசலுக்கு ஓடிவிட்டாள். படியிறங்கும் முன் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, பொன்னாடையும் முத்துமாலையுமாக நின்ற கூத்தனை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் போய்விட்டிருந்தது. பாவம் என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அடுத்த தடவையாச்சும் நாலு பேரைக் கேட்டு எழுதுங்கய்யா" என்றாள்.

"சரி தாயி" என்றான் கூத்தன்.

அவள் களரியூர் போய்ச் சேருவதற்கு முன்னால் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது.